பீடி கணக்குலேர்ந்து ஸ்கேன் ரிப்போர்ட் வரைக்கும்: லங் கேன்சர் ஸ்கிரீனிங்குக்கு வீட்டு ஆளை கூட்டிட்டு போறது எப்டி

உங்க வீட்ல அப்பாவோ தாத்தாவோ மாமாவோ, இருபது முப்பது வருஷம் பீடி சிகரெட் புடிச்ச ஆளு யாராவது இருக்காரா? இப்போ இருமல் கிருமல் எதுவும் இல்லாம நல்லா தான் நடமாடிட்டு இருக்காரா? அப்போ இது அவருக்காக தான். போன வருஷம் எங்க பெரிப்பாவை இதுக்காக தண்டையார்பேட்டைலேர்ந்து இழுத்துட்டு அலைஞ்சேன், அதுல எங்கெங்க முட்டிக்கிட்டேனோ அதெல்லாம் நீங்க முட்டிக்க வேணாம்னு தான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, பட்டறை வச்சிருக்கறவன், ஆனா கூட போய் நின்னதுல நெறைய கேட்டு தெரிஞ்சிக்கிட்டேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சிக்கோங்க. ஸ்கிரீனிங்னா எந்த தொந்தரவும் இல்லாத ஆளுக்கு, நோய் உள்ள ஒளிஞ்சிருக்கான்னு பாக்குறது. ஏற்கனவே ரெண்டு மூணு வாரத்துக்கு மேல இருமல், சளில ரத்தம், குரல் கம்மிப்போறது, காரணமே இல்லாம எடை கொறையுறது, மூச்சு வாங்குறது, தோள்பட்டைல விடாத வலி, இப்டி எதாவது இருந்தா அது ஸ்கிரீனிங் இல்ல, அது நோயை கண்டுபிடிக்குற வேலை, இந்த கட்டுரைய மூடிட்டு நாளைக்கு காலைல நெஞ்சக நோய் டாக்டர்கிட்ட போங்க. அவருக்கு இந்த வயசு, பீடி கணக்கு, அதெல்லாம் பாக்க தேவையில்ல.

1. யாருக்கு எடுக்கணும்னு பாக்குறது

உலகத்துல நெறைய பேரு எடுத்து பேசுற அளவுகோல் அமெரிக்காவோட தடுப்பு மருத்துவ குழு 2021ல சொன்னது. வயசு 50லேர்ந்து 80க்குள்ள, மொத்த புகை கணக்கு குறைஞ்சது 20 பேக் இயர் (நாளைக்கு 20 சிகரெட் வீதம் 20 வருஷம் புடிச்ச அளவு, கணக்கு கீழ வருது), இப்பவும் புடிக்கிறாரு இல்லன்னா விட்டு 15 வருஷம் ஆகல. இந்த மூணும் சேந்து இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை லோ டோஸ் சிடி ஸ்கேன், அதாவது கதிர்வீச்சை கொறைச்சு எடுக்குற நெஞ்சு சிடி. இதுக்கு முன்னாடி 2013ல அவங்களே 55 வயசு, 30 பேக் இயர்னு வச்சிருந்தாங்க, அப்புறம் தான் இறக்கினாங்க. அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி 2023ல இன்னும் ஒரு படி போயி, விட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்றதையே பாக்க வேணாம்னு சொல்லிட்டாங்க.

இதெல்லாம் அமெரிக்கா கணக்கு. நம்ம ஊர்ல அரசாங்கம் வீடு வீடா வந்து பண்ற கேன்சர் ஸ்கிரீனிங்ல வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூணு தான் வரும், நுரையீரல் அதுல இல்ல. அதனால நர்ஸ் அக்கா வந்து பிரஷர் சுகர் பாத்துட்டு போயிட்டாங்க, எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சிட்டு இருக்காதீங்க, இதை நாமளா தான் போய் கேக்கணும்.

வடசென்னைக்காரன்றதால ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். மணலி ரிபைனரி காத்து, எண்ணூர் சாம்பல், கொடுங்கையூர் குப்பை மேடு எரியுறப்ப வர்ற புகை, ஹார்பர் பக்கம் ராத்திரி பகலா வரிசை கட்டி நிக்கிற டிரெய்லர் லாரி டீசல், இதையெல்லாம் மூக்குல வாங்கிட்டு தான் நாம வளந்தோம். டீசல் புகை 2012லயும், வெளிக்காத்து மாசு 2013லயும், வெல்டிங் புகை 2017லயும் உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு கேன்சர் உண்டாக்கும்னு உறுதியா சொன்ன பட்டியல்ல சேந்திருச்சு. ஆஸ்பெஸ்டாஸ் ரொம்ப காலமாவே அதுல இருக்கு. ஆனா திருவொற்றியூர்ல குடியிருக்கேன்ன்ற ஒரே காரணத்துக்காக ஸ்கேன் எடுங்கன்னு மேல சொன்ன அளவுகோல் எதுவும் சொல்லல. எனக்கு அதுல கோவம் தான், ஆனாலும் அதான் நிலைமை. வேலைல புகை தூசி, குடும்பத்துல அப்பன் ஆயாவுக்கு லங் கேன்சர், ஏற்கனவே நுரையீரல் சுருங்குற நோய், நாள்பட்ட மூச்சடைப்பு, இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, அவரு அதையும் வச்சு தான் முடிவு பண்ணுவாரு.

2. பீடி கணக்கு போடுறது, இங்க தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க

பேக் இயர்னா ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருஷம் புடிச்சா 1. ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷம், ரெண்டையும் பெருக்கி 20ஆல வகுத்தா வந்துரும். இதுல ஒரு குழி இருக்கு. அவங்க பேக்னு சொல்றது 20 குச்சி, நம்ம பெட்டிக்கடைல பாதி பேரு வாங்குறது 10 குச்சி பாக்கெட். "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சார்"னு சொன்னா டாக்டர் 20ன்னு எழுதிட்டாருன்னா கணக்கு ரெண்டு மடங்காயிடும். அதனால பாக்கெட்ல சொல்லாதீங்க, குச்சில சொல்லுங்க. நம்ம ஊரு நெஞ்சக நோய் டாக்டருங்க பல பேரு 20ஆல வகுக்காமலே எண்ணிக்கையையும் வருஷத்தையும் பெருக்கி ஸ்மோக்கிங் இண்டெக்ஸ்னு சீட்டுல எழுதுவாங்க, 300க்கு மேல போனா கனமா புடிச்ச ஆளுன்னு கணக்கு. 20 பேக் இயர்ன்றது அந்த கணக்குல 400.

அடுத்த குழி, ஆளு உண்மைய சொல்ல மாட்டாரு. எங்க பெரிப்பாவை கேட்டேன்.

"அதெல்லாம் இன்னா பெருசா, நாலஞ்சு தான் வலிப்பேன்."

பெரிம்மா அடுப்பாண்ட நின்னுட்டு கரண்டிய ஆட்டுச்சு, ஒண்ணும் பேசல. சரின்னு அவரை தனியா மாடிக்கு இட்டுனு போயி கேள்விய மாத்தி கேட்டேன், "ஒரு கட்டு பீடி வாங்குனா எத்தனை நாள் வரும் பெரிப்பா?" "ஹார்பர்ல லோடு வேலை செஞ்சப்ப ஒரு நாளைக்கே ஒரு கட்டு பத்தாது"ன்னாரு. அவ்ளோ தான், உண்மை வந்துருச்சு. கட்டுக்கு கட்டு எண்ணிக்கை மாறும்ன்றதால எந்த பீடி, அதுல எத்தனைன்னு கேட்டு வாங்கிக்கோங்க. வேலை மாறினப்போ, கல்யாணம் ஆனப்போ, குழந்தை பொறந்தப்போன்னு பிரிச்சு கேளுங்க, வயசு சொல்லி கேட்டா ஞாபகம் வராது.

எங்களுக்கு வந்த கணக்கு இது. 18 வயசுல ஆரம்பம், மொத 10 வருஷம் நாளைக்கு 5, அது 50. ஹார்பர்ல 25 வருஷம் நாளைக்கு 20, அது 500. அப்புறம் என் பட்டறைக்கு வெல்டிங் பாக்க வந்த 4 வருஷம் நாளைக்கு 10, அது 40. மொத்தம் 590, 20ஆல வகுத்தா 29.5. விட்டு 6 வருஷம் ஆச்சு, இப்போ வயசு 63. மூணு நிபந்தனையும் சரியா உக்காந்துச்சு.

பீடிக்கும் சிகரெட்டுக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு கணக்கு போடலாமான்னு கேப்பீங்க. புகையிலை கம்மியா இருக்குன்னு கொறைச்சு போடுறவங்களும் உண்டு. பீடி அணைஞ்சு அணைஞ்சு போறதால இழுத்து இழுத்து வலிக்கணும், அதனால கொறைக்க கூடாதுன்னு சொல்றவங்களும் உண்டு. நான் ஒண்ணுக்கு ஒண்ணுன்னே எழுதி, பக்கத்துல "பீடி"ன்னு குறிச்சு டாக்டர் கையில குடுத்துட்டேன். பீடி சிகரெட்டை விட சாதுன்னு மட்டும் யாரும் நெனைக்காதீங்க, "நான் சிகரெட்டு தொட்டதே இல்ல, வெறும் பீடி தான்"னு பெருமையா சொல்ற பெருசுங்க நம்ம ஏரியால தெருவுக்கு நாலு பேரு.

3. கட்டிலுக்கு அடில இருக்குற பழைய பையை எடுங்க

என்னை கேட்டா இந்த மொத்த வேலைலயும் முக்கியமானது இது தான், ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல டிபி வந்து போகாத குடும்பம் கம்மி. டிபி ஆறினதும் நுரையீரல் மேல்பக்கம் தழும்பு, சுண்ணாம்பு படிஞ்ச புள்ளி, இழுத்த மாதிரி கோடு இதெல்லாம் ஆயுசுக்கும் இருக்கும். இப்போ புதுசா சிடி எடுத்தா இதெல்லாம் வெள்ளையா தெரியும், பாக்குறவருக்கு இது பழசா புதுசான்னு எப்டி தெரியும்? பழைய படம் இருந்தா தான் தெரியும்.

பெரிப்பாவுக்கு 1998ல டிபி வந்து மாத்திரை சாப்ட்டு ஆறிடுச்சு. அந்த எக்ஸ்ரே, மாத்திரை சாப்ட்ட கார்டு, ரெண்டும் ஒரு ஜவுளிக்கடை பைல, கட்டிலுக்கு அடில, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கூட சுருண்டு கெடந்துச்சு. பெரிம்மா தான் எடுத்து வச்சிருக்கு. ஓரம் மஞ்சளாயி படம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பிச்சு எடுக்காதீங்க, அப்டியே எடுத்துட்டு போங்க. எக்ஸ்ரே, சிடி, சளி டெஸ்ட் ரிசல்ட், ஆபரேஷன் பேப்பர், எதுவானாலும் சரி, வருஷ வாரியா அடுக்கி ஒரே பைல போடுங்க.

4. எங்க போறது, எப்டி கேக்குறது

நேரா ஸ்கேன் சென்டருக்கு போகாதீங்க, மொதல்ல நெஞ்சக நோய் டாக்டர். நம்ம பக்கம் ஸ்டான்லி இருக்கு, நம்ம தாத்தா பாட்டிங்க கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்லுவாங்களே அதான், 1782ல பஞ்சத்துல கஞ்சி ஊத்துன மணியக்காரர் சத்திரத்துலேர்ந்து வளந்த எடம். அங்க நெஞ்சக நோய் பிரிவு இருக்கு. ஓட்டேரில இருக்குற நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் இருக்கு, ஆனா பெருசுங்க "டிபி ஆஸ்பத்திரிக்கா, அக்கம் பக்கம் என்னா நெனைக்கும்"னு மொரண்டு புடிப்பாங்க, எங்காளும் புடிச்சாரு. கொஞ்சம் தள்ளி போனா சென்ட்ரல் எதுர்ல ஜிஎச், அடையாறுல 1954லேர்ந்து இருக்குற கேன்சர் இன்ஸ்டிடியூட். ஓபி காலைல தான், சீக்கிரம் போயி சீட்டு போட்டுருங்க, ஆதார் கையில இருக்கட்டும், தண்ணி பாட்டிலும் ரெண்டு இட்லியும் எடுத்துக்கோங்க.

டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதை ஒரு துண்டு சீட்டுல எழுதிட்டு போங்க, உள்ள போனா ரெண்டு நிமிஷம் தான் கெடைக்கும். நான் எழுதினது இவ்ளோ தான்: "வயசு 63, பீடி 39 வருஷம், இண்டெக்ஸ் 590, விட்டு 6 வருஷம், 1998ல டிபி முடிஞ்சது, வெல்டிங் வேலை 4 வருஷம், இப்போ எந்த தொந்தரவும் இல்ல, லோ டோஸ் சிடி ஸ்கிரீனிங் எடுக்கலாமான்னு கேக்க வந்தோம்." டாக்டரம்மா சீட்டை பாத்துட்டு "யாரு எழுதினது"ன்னு சிரிச்சிட்டாங்க, ஆனா உடனே விஷயத்துக்கு வந்துட்டாங்க. ஆஸ்பத்திரிலயே எடுக்க முடியுமா வெளிய எடுக்கணுமான்னு அவங்களே சொல்லுவாங்க. வெளிய எடுக்குறதா இருந்தா சென்டருக்கு சென்டர் ரேட்டு மாறும், ரெண்டு மூணு எடத்துல போன்ல கேட்டுட்டு போங்க.

அதே சமயம் ஸ்கேன் வேணாம்னு டாக்டர் சொன்னா சண்டை போடாதீங்க, கேளுங்க ஏன்னு. ஆளுக்கு வேற பெரிய வியாதி இருந்து, எதாவது கண்டுபிடிச்சாலும் ஆபரேஷன் தாங்க மாட்டாரு, இல்ல அவரே ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன்னு சொல்றாருன்னா இந்த ஸ்கேனால பயம் தான் மிச்சம்.

5. சரியான டெஸ்ட் தானான்னு பாத்துக்கோங்க

இதுல நாங்க ஏமாந்தோம். டாக்டரை பாக்குறதுக்கு முன்ன வருஷமே, ஒரு லேப்ல "கேன்சர் ஸ்கிரீனிங் பேக்கேஜ்"னு போர்டு பாத்துட்டு பெரிப்பாவை கூட்டிட்டு போனேன். ஒரு எக்ஸ்ரே, கை நெறைய ரத்த டெஸ்ட், கலர் கலரா ஒரு பைல், "எல்லாம் நார்மல் சார்"னு ஒரு சிரிப்பு. அந்த பைலை நெஞ்சக நோய் டாக்டர் தொறந்து கூட பாக்கல. நுரையீரல் ஸ்கிரீனிங்குக்கு எக்ஸ்ரே உதவாது, கேன்சர் அறிகுறி இருக்கான்னு ரத்தத்துல பாக்குற ட்யூமர் மார்க்கர் டெஸ்டும் உதவாது.

ஏன்னா இதை சும்மா சொல்லல. அமெரிக்கால 53,000 பேருக்கு மேல, எல்லாரும் கனமா புடிச்சவங்க, பாதி பேருக்கு எக்ஸ்ரே, பாதி பேருக்கு லோ டோஸ் சிடின்னு வருஷத்துக்கு ஒண்ணா மூணு தடவை எடுத்து பாத்தாங்க. 2011ல ரிசல்ட் வந்துச்சு, சிடி எடுத்த பக்கம் லங் கேன்சர் சாவு 20 சதவீதம் கம்மி. அதுக்கப்புறம் நெதர்லாந்து பெல்ஜியம்ல ஒரு ஆராய்ச்சி, 2020ல வந்துச்சு, ஆம்பளைங்கள்ல 10 வருஷத்துல 24 சதவீதம் கம்மி. எக்ஸ்ரே எடுத்தவங்களுக்கும் ஒண்ணுமே எடுக்காதவங்களுக்கும் வித்தியாசம் இல்லன்னு இன்னொரு பெரிய ஆராய்ச்சி அதே 2011ல சொல்லிடுச்சு. எக்ஸ்ரேல நெஞ்சு எலும்பு, இதயம் பின்னாடியெல்லாம் சின்ன கட்டி மறைஞ்சிடும், தெரியுற அளவுக்கு வளந்ததும் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

கவுன்ட்டர்ல மூணு விஷயம் சொல்லுங்க: செஸ்ட், லோ டோஸ், கான்ட்ராஸ்ட் (படம் பளிச்சுன்னு தெரிய நரம்புல ஏத்துற மருந்து) வேணாம். நாங்க போன எடத்துல அந்த தம்பி கைல ஊசி குத்த ரெடியா வந்துட்டான், சீட்டை காட்டினதும் தான் திரும்பி போனான். ஸ்கிரீனிங்குக்கு மருந்து ஊசி தேவையில்ல. சாதாரண நெஞ்சு சிடில கதிர்வீச்சு சுமார் 7 மில்லிசீவர்ட், லோ டோஸ்ல சுமார் 1.5. நாம எதுவும் பண்ணாம மண்ணுலேர்ந்தும் வானத்துலேர்ந்தும் ஒரு வருஷத்துல வாங்குறது உலக சராசரியா 2.4. ஒவ்வொரு வருஷமும் எடுக்கப்போற ஸ்கேன்ன்றதால தான் இந்த வித்தியாசத்துக்கு இவ்ளோ அடிச்சிக்குறேன்.

6. ஸ்கேன் அன்னிக்கு

இது ரொம்ப ஈசி. பட்டினி வேணாம், டீ குடிச்சிட்டே போகலாம். மெட்டல் பட்டன் இல்லாத சட்டை, கழுத்துல இருக்குற கயிறு தாயத்து கழட்டணும், எங்காளு முருகன் டாலரை கழட்ட மனசில்லாம பெரிம்மா கைல குடுத்து "கீழ வைக்காத"ன்னாரு. மெஷின் குகை மாதிரி இல்ல, பெரிய வளையம் தான், கைய தலைக்கு மேல தூக்கிட்டு படுக்கணும், மூச்சை இழுத்து புடிக்க சொல்லுவாங்க, அஞ்சு பத்து செகண்டு தான். முன்னாடி நாளே வீட்ல ரெண்டு தடவை மூச்சு புடிச்சு பழக்குங்க, நடுவுல மூச்சு விட்டா படம் கலங்கிடும். ரெண்டு நாளா சளி காய்ச்சல்னா டாக்டர்கிட்ட கேட்டு தள்ளி போடுங்க, நிமோனியா சளியெல்லாம் கட்டி மாதிரி தெரிஞ்சு வீண் கலவரம்.

கெளம்பும்போது பிலிம் மட்டும் வாங்கிட்டு வராதீங்க. சிடி ஸ்கேனோட சிடியும் கேளுங்க, அதான் அந்த வட்டத்தட்டு, இல்ல பென்டிரைவ்ல குடுங்கன்னு கேளுங்க. அடுத்த வருஷம் வேற எடத்துல எடுத்தா பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க அது தான் வேணும்.

7. ரிப்போர்ட் வந்தா பயப்படாம படிக்குறது

ரிப்போர்ட்ல நோட்யூல்னு ஒரு வார்த்தை வரும். அதை பாத்ததும் வீட்ல அழுகை ஆரம்பிக்கும். நோட்யூல்னா சின்ன புள்ளி, அவ்ளோ தான், எல்லா நோட்யூலும் கேன்சர் இல்ல. அந்த அமெரிக்க ஆராய்ச்சில மூணு வருஷத்துல எடுத்த சிடிங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு "எதோ இருக்கு"ன்னு வந்துச்சு, அப்டி வந்ததுல 96 சதவீதம் கடைசில கேன்சர் இல்ல. டிபி புழங்குற நம்ம ஊர்ல புள்ளி தெரியுறது இன்னும் சகஜம்.

ஒழுங்கா எழுதின ரிப்போர்ட்னா லங் ராட்ஸ்னு, புள்ளிய பத்தி எவ்ளோ கவலைப்படணும்னு காட்டுற ஒரு நம்பர் போட்டிருக்கும். 1ம் 2ம் வந்தா அடுத்த வருஷம் வழக்கம் போல. 3 வந்தா 6 மாசத்துல மறுபடி லோ டோஸ். 4ஏ வந்தா 3 மாசத்துல மறுபடி, சில சமயம் பெட் சிடியும் (புள்ளி சுறுசுறுப்பா இருக்கான்னு காட்டுற வேற வகை ஸ்கேன்). 4பி, 4எக்ஸ் வந்தா உடனே மேல் டெஸ்ட், பயாப்சி (துளி சதை எடுத்து பாக்குறது) பேச்சு. முதல் ஸ்கேன்ல கெட்டியான புள்ளி 6 மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா 2, 6லேர்ந்து 8க்குள்ளன்னா 3, 8லேர்ந்து 15க்குள்ள 4ஏ, அதுக்கு மேல 4பி. ரிப்போர்ட்ல அளவும் எந்த பக்கம்ன்றதும் இல்லன்னா அங்கயே கேட்டு எழுதி வாங்குங்க.

பெரிப்பாவுக்கு ரெண்டு விஷயம் வந்துச்சு. வலது மேல்பக்கம் பெருசா ஒரு தழும்பு, அப்புறம் இடது கீழ்ப்பக்கம் 7 மில்லிமீட்டர் புள்ளி ஒண்ணு. டாக்டரம்மா அந்த சுருண்ட 1998 எக்ஸ்ரேயை வெளிச்சப் பொட்டில மாட்டி, புது படத்தையும் பக்கத்துல வச்சு கொஞ்ச நேரம் மாத்தி மாத்தி பாத்தாங்க. "இது அதே தான், பழைய டிபி"ன்னு மேல்பக்க தழும்பை ஓரம் கட்டிட்டாங்க. அந்த பை மட்டும் இல்லன்னா அந்த தழும்புக்கே ஊசி, டியூப்னு போயிருக்கும். 7 மில்லிமீட்டர் எக்ஸ்ரேல தெரியுற அளவில்ல, அதனால அதை பழைய படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, லங் ராட்ஸ் 3, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. 3ன்னா கேன்சரா இருக்க வாய்ப்பு நூத்துல ஒண்ணு ரெண்டு தான்.

அந்த ஆறு மாசம் இருக்கே, அதை பத்தி யாரும் சொல்லித்தர மாட்டாங்க. பெரிப்பா ராத்திரி தூங்காம திண்ணைல உக்காந்திருப்பாரு. "நல்லா இருந்தவனை இட்டுனு போயி நோயாளி ஆக்கிட்டியேடா"ன்னு என்னை ஒரு நாள் கேட்டாரு. பதில் சொல்ல தெரியல எனக்கு. ஸ்கேனுக்கு முன்னாடியே "புள்ளி தெரியலாம், தெரிஞ்சா பெரும்பாலும் ஒண்ணுமிருக்காது, ஆனா மறுபடி மறுபடி எடுக்க சொல்லுவாங்க"ன்னு சொல்லி வச்சிருக்கணும், நான் சொல்லல, நீங்க சொல்லிடுங்க.

இன்னொரு பக்கமும் ஜாக்கிரதை. புள்ளி இருக்குன்னதும் சளி டெஸ்ட் எதுவும் பண்ணாம டிபின்னு முடிவு பண்ணி மாத்திரை ஆரம்பிச்சு, மாசக்கணக்கா சாப்ட்டு, சரியாவல, அப்புறம் பாத்தா கேன்சர்னு வந்த குடும்பம் நம்ம தெருவுலயே இருக்கு. டிபின்னா சளில கிருமி காட்டுங்கன்னு கேளுங்க, கவர்ன்மென்ட்ல அந்த டெஸ்ட் ஓசி தான். மாத்திரைக்கு கொறையலன்னா மறுபடி டாக்டர்கிட்ட போய் நில்லுங்க. பயாப்சி எடுக்க சொன்னா "ஊசி பட்டா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்"னு எதிர் வீட்டுக்காரர் சொல்றதை காதுல வாங்காதீங்க, அதுக்கு பயந்து தள்ளிப்போட்டு தான் நெறைய பேரு நேரத்தை விட்டாங்க. பயாப்சி இல்லாம எந்த வகை கேன்சர்னு தெரியாது, வகை தெரியாம மருந்து இல்ல.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இல்லன்னா அந்த ஆறு மாசத்துல போட்டு வச்சிருங்க. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வரும், சிகிச்சைன்னு வந்தா கைகுடுக்கும், நல்லா இருக்குற ஆளோட ஸ்கிரீனிங் செலவுக்கு அதை நம்பாதீங்க.

8. இன்னும் புடிக்குற ஆளா இருந்தா

ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்ததும் "பாத்தியா, ஒண்ணுமில்ல"ன்னு நேரா டீக்கடைக்கு போயி தொங்குற கயித்துல பீடி பத்த வைக்குற ஆளுங்களை நானே பாத்திருக்கேன். ஸ்கேன் கேன்சரை தடுக்காது, சீக்கிரம் காட்டிக்குடுக்கும், அவ்ளோ தான் அதோட வேலை. விட்டு 10 வருஷம் ஆச்சுன்னா தொடர்ந்து புடிக்குறவரை விட அபாயம் பாதியளவுக்கு எறங்கிடும். 1800 11 2356ன்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, விட நெனைக்குறவங்களுக்கு பேசி வழி சொல்லுவாங்க. நிக்கோட்டின் சூயிங்கம் மெடிக்கல்ல கெடைக்கும், ஆனா பபிள்கம் மாதிரி மென்னு தள்ளக்கூடாது, கொஞ்சம் மென்னு காரம் வந்ததும் கன்னத்து ஓரம் ஒதுக்கி வைக்கணும், காரம் போனதும் மறுபடி. எங்காளு மொத நாள் சவச்சு முழுங்கி விக்கல் எடுத்து கெடந்தாரு.

9. திரும்ப போறது

ஒரு தடவை எடுத்துட்டு விட்டா பிரயோஜனம் இல்ல, அந்த ஆராய்ச்சிங்கள்லாம் திரும்ப திரும்ப எடுத்து வந்த ரிசல்ட். நம்மாளுங்க கோட்டை விடுறது இதுல தான், ரிப்போர்ட் நல்லா இருந்தா மறந்துடுவோம். நான் தேதிய போன்ல போடல, பெரிம்மா கிட்ட சொல்லி தினசரி காலண்டர் அட்டைல கேஸ் புக் பண்ற நம்பருக்கு பக்கத்துல எழுத வச்சேன், அதை அது தெனமும் பாக்கும்.

ஆறு மாசம் முடிஞ்சு போனோம். அதே 7 மில்லிமீட்டர், வளரல. டாக்டரம்மா 2ன்னு மாத்திட்டு அடுத்த வருஷம் வாங்கன்னாங்க. பெரிப்பா வெளிய வந்து டாலரை வாங்கி கழுத்துல போட்டுட்டு, "டீ சொல்லு"ன்னாரு. புது ரிப்போர்ட்டும் வட்டத்தட்டும் அந்த ஜவுளிக்கடை பைக்குள்ள போயிடுச்சு, பை இப்போ கட்டிலுக்கு அடில இல்ல, பீரோ மேல.

வீட்டுக்கு வந்ததும் பெரிம்மா கேட்டுச்சு, "நாப்பது வருஷம் அது வுட்ட பொகைய நான் தானே குடிச்சேன், காசிமேட்டு வூட்ல வெறகு அடுப்பு வேற, எனக்கு எடுக்க வாணாமா?" பீடி கணக்கு பூஜ்யம், எந்த அளவுகோல்லயும் பெரிம்மா வராது. புகையே புடிக்காத பொம்பளைங்களுக்கு லங் கேன்சர் வர்றது நம்ம நாட்ல அபூர்வம் இல்லன்னு டாக்டரம்மாவே சொல்லியிருந்தாங்க. எத்தனை நாளா காலைல இருமுறன்னு கேட்டேன், தீபாவளிலேர்ந்துன்னு சொல்லுச்சு. அப்போ அது ஸ்கிரீனிங்கே இல்ல. திங்கக்கெழமை காலைல ஸ்டான்லிக்கு கூட்டிட்டு போறேன், துண்டு சீட்டு எழுதிட்டேன்.